யார் பிணை நிற்பது?

பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்.



இன்று காலை கைப்பேசியைக் கையில் எடுத்தபோது, நம்மில் பலருக்கு முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கும். உங்களுக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கு இன்று மாலைக்குள் முடக்கப்படும். வீட்டிலிருந்தபடியே மாதம் ஐம்பதாயிரம் சம்பாதிக்கலாம். இப்படி ஏதாவது ஒன்று. நாம் அதை அழித்துவிட்டுத் திருப்பலிக்குக் கிளம்பியிருப்போம். அதை அனுப்பியவன் யார் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. அவனுக்கும் பெற்றோர் வைத்த ஒரு பெயர் உண்டு, பிடிபட்டால் சிறைக்குப் போவான், தண்டனை முடிந்தால் ஒருநாள் வெளியே வருவான் என்பதெல்லாம் நம் நினைவுக்கு வருவதில்லை.

அப்படி வெளியே வந்த ஒருவரைப் பற்றி இன்று சிந்திப்போம். இன்றைய இரண்டாம் வாசகமும் ஏறக்குறைய அதைத்தான் பேசுகிறது. தவறு செய்தவன் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டுக்குள் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய திருமுகத்தின் கேள்வி.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ராபர்ட் சோலோவே என்றோர் இளைஞர் இருந்தார். செய்தித்தாள்கள் அவருக்கு 'ஸ்பாம் மன்னன்' என்று பட்டம் சூட்டியிருந்தன. யாரும் கேட்காத விளம்பர மின்னஞ்சல்களைக் கோடிக்கணக்கில் அனுப்புவதற்குத்தான் ஸ்பாம் என்று பெயர். ராபர்ட்டின் தொழில் இதுதான். சிறு வியாபாரிகளிடம், "உங்கள் கடை விளம்பரத்தை லட்சக்கணக்கான பேருக்கு மின்னஞ்சலில் அனுப்பித் தருகிறோம், பிடிக்காவிட்டால் பணம் வாபஸ்" என்று ஆசை காட்டுவார். அவர்கள் சில நூறு டாலர் கட்டுவார்கள். சொன்னபடி எதுவும் நடக்காது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், கடன் வசூல் செய்பவர்களை அனுப்புவோம் என்று மிரட்டல் வரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த மின்னஞ்சல்கள் அவருடைய முகவரியிலிருந்து போகவில்லை. வேறு யாரோ ஒருவரின் முகவரி, அனுப்புநர் என்ற இடத்தில் போடப்பட்டிருக்கும். கோபம் கொண்டவர்களின் பதிலெல்லாம் அந்த அப்பாவியின் தலையில் வந்து விழும். அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கும் 'கான்-ஸ்பாம்' சட்டம் விளம்பர மின்னஞ்சல் அனுப்புவதைத் தடை செய்யவில்லை. அனுப்புகிறவர் தம்மை மறைத்துப் பொய்யான அடையாளத்தில் அனுப்புவதைத்தான் குற்றம் என்கிறது. நமது மறைக்கல்வி மொழியில் சொன்னால், ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும் ஒரே நேரத்தில் மீறப்பட்டிருக்கின்றன. பிறர் பொருளை எடுத்தார். பிறர் பெயரில் பொய் சொன்னார்.

2007ஆம் ஆண்டு மே மாத இறுதியில் அவர் கைது செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 27. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2008 ஜூலை 22 அன்று நீதிமன்றம் அவருக்கு 47 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதோடு 7 லட்சத்து 4 ஆயிரம் டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதற்கு முன்பே, 2005இல், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தொடுத்த வழக்கில் 70 லட்சம் டாலருக்கு மேலும், ஒக்லஹோமாவில் சிறிய அளவில் இணைய சேவை நடத்திவந்த ஒருவர் தொடுத்த வழக்கில் 1 கோடி டாலருக்கு மேலும் அவருக்கு எதிராகத் தீர்ப்பாகியிருந்தது.

2011 மார்ச் மாதம் அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். நாம் பேச வந்தது இந்த இடத்தைப் பற்றித்தான்.

வெளியே வந்தவருக்கு ஒரு வேலை கிடைத்தது. நகல் எடுத்துக் கொடுக்கும், பார்சல் அனுப்பித் தரும் ஒரு கடையில் வேலை. மணிக்கு 10 டாலர் கூலி. ஒருகாலத்தில் சொகுசு வீட்டில் விலையுயர்ந்த உடைகளோடு வாழ்ந்தவர், இப்போது மற்றவர்களின் காகிதங்களை நகலெடுத்து, மற்றவர்களின் பொட்டலங்களைச் சரியான முகவரிக்கு அனுப்பி வைத்தார். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய மின்னஞ்சல்களையும், அவர் பார்க்கும் இணையதளங்களையும் நன்னடத்தை அதிகாரி கண்காணிப்பார். கோடிக்கணக்கானவர்களின் அஞ்சல் பெட்டிக்குள் கேட்காமல் நுழைந்தவருடைய அஞ்சல் பெட்டி இப்போது இன்னொருவர் பார்வைக்குத் திறந்து கிடந்தது.

சகோதர சகோதரிகளே, இன்றைய நற்செய்தியில் நம் ஆண்டவர் ஓர் உவமை சொல்கிறார். கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தம்மிடம் பணம் இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பார் அல்லவா என்று கேட்கிறார். நாமும் சற்று உட்கார்ந்து ராபர்ட்டின் கணக்கைப் பார்ப்போம். உரிமையியல் வழக்குகளின் கோடிகளை விட்டுவிடுவோம். குற்ற வழக்கின் இழப்பீடு 7 லட்சத்து 4 ஆயிரம் டாலர் மட்டும் போதும். மணிக்கு 10 டாலர் என்றால் 70,400 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். வாரம் 40 மணி நேர வேலை, ஒரு வாரம்கூட விடுப்பு இல்லை என்று வைத்தாலும் ஏறக்குறைய 34 ஆண்டுகள் ஆகும். அதுவும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மருந்துக்கும் ஒரு காசுகூட எடுக்காமல், சம்பளம் முழுவதையும் கட்டினால். 31 வயதில் வெளியே வந்தவர் 65 வயதில் கடைசித் தவணையைக் கட்டுவார்.

சிலர் சொல்லலாம்: "நன்றாக வேண்டும். ஏமாற்றியவன் அனுபவிக்கட்டும்." அந்தக் கோபத்தை நாம் குறை சொல்ல முடியாது. ஏமாந்தவர்களுடைய பணம் அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம். இழப்பீடு வேண்டாம் என்று திருச்சபை ஒருநாளும் சொன்னதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமன்னிப்புப் பெற்றவரும் களவாடியதைத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்றுதான் நாம் சிறு வயதிலிருந்து படித்திருக்கிறோம். சக்கேயுவின் வீட்டுக்கு ஆண்டவர் விருந்தினராகப் போனார். ஆனால் அந்த விருந்துக்குப் பிறகு சக்கேயு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னார். மன்னிப்பு வந்த வீட்டில் பரிகாரமும் வந்தது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. நேர்மையாக உழைக்க வேண்டும், கடனைக் கட்ட வேண்டும் என்று மனம் மாறியவரிடம் சொல்கிறோம். சரி. ஆனால் உழைக்க இடம் கொடுப்பவர் யார்? அந்தச் சியாட்டில் கடையில் ஒருவர், 'இவர் யார் என்று தெரியும். இருந்தாலும் நாளை காலை வேலைக்கு வரட்டும்' என்று முடிவு செய்திருக்க வேண்டும். அவருடைய பெயர் எந்தத் தலைப்புச் செய்தியிலும் வரவில்லை. அவர் ஒருவர் இல்லாமல் அந்த 70,400 மணி நேரத்தில் முதல் மணி நேரம்கூடத் தொடங்கியிருக்காது.

இப்போது பவுலின் திருமுகத்துக்கு வருவோம். விவிலியத்திலேயே மிகச் சிறிய நூல்களில் ஒன்று இது. மொத்தம் 25 வசனங்கள். பவுல் சிறையில் இருக்கிறார். ஒனேசிம் என்னும் அடிமை தம் தலைவரான பிலமோனைப் பிரிந்து வந்து, சிறையில் பவுலைச் சந்திக்கிறார். அங்கே கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறார். ஓடிப் போகும்போது தலைவருக்கு ஏதோ நட்டத்தையும் உண்டாக்கியிருந்தார் என்பதே காலங்காலமாக நாம் அறிந்துவரும் விளக்கம். அந்தக் காலத்துச் சட்டப்படி ஓடிப்போன அடிமைக்குக் கடும் தண்டனை உண்டு. அவரைத்தான் பவுல் ஒரு கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார்.

இன்று நம் திருப்பலியில் வாசிக்கப்பட்ட பகுதியில் 11ஆம் வசனம் இல்லை. வாசகம் 17ஆம் வசனத்தோடு முடிந்தும் விடுகிறது. வீட்டுக்குப் போனதும் விவிலியத்தைத் திறந்து, விட்டுப்போன வசனங்களையும் தயவுசெய்து வாசியுங்கள். அவற்றில் மூன்று செய்திகள் இருக்கின்றன.

முதலாவது, 11ஆம் வசனம். ஒனேசிம் என்ற பெயருக்குக் கிரேக்க மொழியில் 'பயனுள்ளவன்' என்று பொருள். பவுல் அந்தப் பெயரை வைத்து மெல்லச் சிரிப்பது போல எழுதுகிறார். முன்பு உமக்குப் பயன்படாதவனாக இருந்தான், இப்போதோ உமக்கும் எனக்கும் பயனுள்ளவன் என்கிறார். பெற்ற பெயருக்கு ஏற்ற ஆளாக அவன் ஆகிவிட்டான் என்று சொல்கிறார். பவுல் அவரை 'ஓடிப்போனவன்' என்று எந்த இடத்திலும் அழைக்கவில்லை. என் பிள்ளை என்கிறார், என் இதயம் என்கிறார், சகோதரன் என்கிறார். உலகம் சூட்டிய பட்டப் பெயர் அந்தக் கடிதத்துக்குள் நுழையவில்லை. ராபர்ட்டை இன்றும் பலர் 'ஸ்பாம் மன்னன்' என்றே சொல்கிறார்கள். தண்டனைக்கு 47 மாதம் என்று நீதிமன்றம் ஒரு எல்லை வைத்தது. அந்தப் பட்டத்துக்கு எல்லை வைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. அதைக் கைவிடும் அதிகாரம், அவரைப் பற்றிப் பேசுகிறவர்களின் நாக்கில் இருக்கிறது.

இரண்டாவது, 18ஆம், 19ஆம் வசனங்கள். அவன் உமக்கு ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தால் அதை என் பொறுப்பில் விடும், நானே தருகிறேன் என்று பவுல் சொல்கிறார். அதுவரை பவுல் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதியிருக்கலாம். இந்த இடத்தில் பவுல் எழுதுகோலைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். தம் பெயரைச் சொல்லி, தம் கையாலேயே இதை எழுதுவதாகக் குறிப்பிடுகிறார். இது உணர்ச்சிப் பேச்சு அல்ல. கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரர் போடும் கையெழுத்து. நட்டம் நட்டம்தான், பிலமோனே, அதை மறந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. அந்த நட்டத்தை ஒனேசிம் தனியாகச் சுமக்க முடியாது என்று அறிந்து, தாமும் அதன் ஒரு முனையைத் தூக்குகிறார். பொய்ப் பெயரில் கோடிக் கடிதங்கள் அனுப்பப்பட்ட கதையைக் கேட்டோம். உண்மைப் பெயரில், சொந்தக் கையெழுத்தில் எழுதப்பட்ட இந்த ஒரு கடிதம் ஒரு மனிதனின் வாழ்வைத் திருப்பிக் கொடுத்தது.

மூன்றாவது, இந்தக் கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பது. பிலமோனுக்கு மட்டும் அல்ல. தொடக்க வசனங்களைப் பாருங்கள். அப்பியாவுக்கும், அர்க்கிப்புக்கும், பிலமோனின் வீட்டில் கூடும் திருச்சபைக்கும் சேர்த்து எழுதுகிறார். இன்று நாம் 'அன்பியம்' என்று சொல்கிறோமே, அதைப் போன்ற ஒரு சிறு கூட்டம் அது. ஒனேசிம் வாசலில் நிற்க, எல்லாருக்கும் முன்னால் இந்தக் கடிதம் வாசிக்கப்பட்டிருக்கும். பிலமோன் மன்னித்தால் மட்டும் போதாது; அக்கம்பக்கத்தார் எல்லாரும் அவனைச் சகோதரனாகப் பார்க்க வேண்டும் என்பது பவுலுக்குத் தெரியும். அதோடு விடவில்லை. கடைசியில், எனக்கும் தங்க ஓர் இடம் ஏற்பாடு செய்யும், நான் வருவேன் என்று எதிர்பார்க்கிறேன் என்று முடிக்கிறார். வந்து பார்ப்பேன் என்று பொருள். பிணை நின்றவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மறைந்துவிடுவதில்லை.

அன்பானவர்களே, இதைப் பிரசங்கிக்கும் நாங்கள் இதில் தவறியிருக்கிறோம். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நாங்கள் இரண்டு குருக்கள் சேர்ந்து பணியாற்றிய ஒரு பங்கில், ஓர் இளைஞன் சிறையிலிருந்து திரும்பி வந்தான். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஓடிபி எண்ணைக் கேட்டு வாங்கி, கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடும் கும்பலில் அவன் வேலை பார்த்திருந்தான். வழக்கு முடிந்து, தண்டனை முடிந்து, ஒருநாள் மாலை பங்கு இல்லத்துக்கு வந்தான். தெருக்கோடியில் இருந்த மளிகை மொத்தக் கடையில் ஆள் தேவைப்படுகிறது, முதலாளி நம் பங்கைச் சேர்ந்தவர், நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார் என்று கேட்டான். "அடுத்த வாரம் வா, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம்.

எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. அதே பங்கில் ஒரு கைம்பெண் இருந்தார். இதே போன்ற ஒரு தொலைபேசி அழைப்பில் மகளின் திருமணத்துக்கு வைத்திருந்த பணத்தை இழந்தவர். அவருடைய பணத்தை எடுத்தது இவன் அல்ல, வேறொரு கும்பல். ஆனாலும் அவர் கோவிலில் முன்வரிசையில் உட்காருவார். "என் காசு போன நாளில் எனக்கு ஒரு கடிதம் எழுதித் தர ஆள் இல்லை. அவனுக்கு மட்டும் கடிதமா, சாமி?" என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பயந்தோம். அவன் அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். மூன்றாவது முறைக்குப் பிறகு வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவன் தாய் பூசை முடிந்ததும் வந்து, "சாமி, அவன் திருப்பூருக்குப் போயிட்டான். யாரையும் தெரியாத ஊருதான் நல்லதுன்னு சொல்லிட்டுப் போனான்" என்றார். எங்களைக் குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

அன்று எங்களுக்குப் புரிந்தது, நாங்கள் இரண்டு பேரிடமும் தவறியிருக்கிறோம். அந்த இளைஞனுக்குக் கடிதம் எழுதவில்லை. அந்தக் கைம்பெண்ணின் வீட்டுக்கும் நாங்கள் போய் உட்கார்ந்ததில்லை. அவருடைய கோபத்தைக் காரணம் காட்டினோமே தவிர, அந்தக் கோபத்தைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. அதன் பிறகு போனோம். இரண்டு மணி நேரம் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். அந்தப் பையனைப் பற்றியும் சொன்னோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. புறப்படும்போது வாசலில் நின்று, "அவன் உழைச்சுச் சாப்பிடட்டும் சாமி. அதைத் தடுக்க நான் யாரு?" என்றார். அன்று இரவே கடிதத்தை எழுதினோம். யாருக்கு என்று பெயர் போடாமல், யாரிடமும் காட்டக்கூடியதாக எழுதி, குற்றத்தையும் மறைக்காமல், இவனை எங்களுக்குத் தெரியும், இவனைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் எங்களைக் கேட்கலாம் என்று கைப்பேசி எண்ணும் கையெழுத்தும் போட்டு, தாயிடம் கொடுத்தோம். அதைத் தாமதமாகக் கொடுத்தோம் என்பது மட்டும் இன்றும் நெஞ்சில் நிற்கிறது.

சகோதர சகோதரிகளே, நம் ஒவ்வொரு பங்கிலும் இப்படி ஒருவர் இருக்கிறார், அல்லது நாளை வருவார். அடிதடி வழக்கில் போனவர் இருக்கலாம், பணமோசடியில் போனவர் இருக்கலாம். நம் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் வெளிநாட்டில் கணினி வேலை என்று நம்பிப் போய், மியான்மர், கம்போடியா நாடுகளில் அடைத்து வைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு கட்டாயப்படுத்தப்பட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்கள் குற்றவாளிகளாகப் போனவர்கள் அல்லர், ஏமாற்றப்பட்டவர்கள். ஆனாலும் ஊருக்குள் வரும்போது அதே சந்தேகப் பார்வையைத்தான் சந்திக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்? நான்கு சிறு காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, பெயர். திரும்பி வந்தவரைத் திருமுழுக்கில் பெற்ற பெயரைச் சொல்லி அழைப்போம். 'அந்தக் கேஸ்ல போனவன்' என்ற அடைமொழியை வீட்டிலும் பேசாதிருப்போம். பிள்ளைகள் நம் வாயிலிருந்துதான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டு, அன்பியம். மாதந்தோறும் வீடு வீடாகச் செபக்கூட்டம் வைக்கிறோம். சிறை சென்று வந்தவரின் வீட்டை மட்டும் பட்டியலில் தாண்டிப் போகிறோமா என்று அன்பியப் பொறுப்பாளர்கள் பார்க்க வேண்டும். அந்த வீட்டில் ஒருமுறை செபமாலை சொல்லி, அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டு வந்தால், நூறு மறையுரை செய்ய முடியாததை அது செய்யும்.

மூன்று, வேலை. கடையோ பட்டறையோ நடத்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ராபர்ட்டுக்கும் மூன்று ஆண்டுக் கண்காணிப்பு இருந்தது. பணம் கொடுக்கல் வாங்கல் இல்லாத வேலையிலிருந்து தொடங்கலாம். பொறுப்பைப் படிப்படியாகக் கூட்டலாம். விழுந்த கால் மறுபடி சறுக்காதபடி பிடித்துக்கொள்வதும் அன்புதான். ஆனால் கதவை மூடிவிட்டுக் கண்காணிக்க முடியாது. உள்ளே விட்டால்தான் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

நான்கு, ஏமாந்தவர்கள். பணத்தை இழந்தவர்களை, "இவ்வளவு படித்தும் ஏமாந்தீர்களே" என்று கேலி செய்ய வேண்டாம். வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருப்பதுதான் ஏமாற்றுபவனுக்குப் பலம். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்யச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய் உட்காருங்கள். பவுல் ஒனேசிமுக்காகப் பேசியபோது பிலமோனின் நட்டத்தையும் கணக்கில் வைத்தார். இருவரில் ஒருவரை மட்டும் அன்பு செய்வது எளிது. இருவரையும் அன்பு செய்யும்போதுதான் நாம் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

2025 யூபிலி ஆண்டாக இருந்தது. எதிர்நோக்கின் திருப்பயணிகளாக நாம் நடந்த ஆண்டு. அந்த ஆண்டை அறிவித்த ஆணைமடலில், சிறையிலிருப்போர் சமூகத்தோடு மீண்டும் இணைய வழி செய்ய வேண்டும் என்று மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அரசுகளைக் கேட்டுக்கொண்டார். 2024 டிசம்பர் 26 அன்று ரோமின் ரெபிபியா சிறைக்குப் போய், அங்கே ஒரு புனிதக் கதவைத் திறந்து வைத்தார். 2025ஆம் ஆண்டு பெரிய வியாழனன்று, நோயால் தளர்ந்திருந்த உடலோடு, ரெஜினா சேலி சிறைக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார். அடுத்த நான்காம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். தம் கடைசி வாரத்திலும் அவர் தேடிப்போன வாசல்களில் ஒன்று சிறை வாசல். அங்கிருந்து வெளியே வருபவர்கள் நடந்து வரும் வாசல் நம் வீட்டு வாசல்.

கடைசியாக ஒன்று. ராபர்ட்டின் கடனைக் கணக்குப் போட்டோம். 34 ஆண்டு என்று வந்தது. நம் கடனைக் கணக்குப் போட்டால் என்ன வரும்? நம் பாவங்களுக்கு மணிக்கூலியில் பரிகாரம் செய்து முடிக்க எத்தனை பிறவி வேண்டும்? கல்வாரியில் ஒருவர் நம் கணக்கைத் தம் கணக்காக ஏற்றுக்கொண்டார். அவருடைய கையெழுத்து ஆணி பாய்ந்த கையால் போடப்பட்டது. அந்தப் பிணையில்தான் நாம் இன்று காலை திருப்பலிக்கு வந்து, நற்கருணை வாங்கத் தலைநிமிர்ந்து நடந்தோம். அப்படிப் பெற்றுக்கொண்டவர்கள், வாசலில் நிற்கும் ஒருவருக்காக ஒரு சிறு கடிதம் எழுதத் தயங்கலாமா?

செபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, சிறையிலிருந்து திரும்பி வரும் உம் பிள்ளைகளுக்கு நேர்மையாக உழைக்க மனத்தையும், உழைக்க ஓர் இடத்தையும் தாரும். ஏமாற்றப்பட்டு இழந்தவர்களின் கண்ணீரைத் துடைத்தருளும். அவர்களுக்கு நீதி கிடைக்கச் செய்யும். உம் திருச்சபையாகிய எங்களுக்கு, வாசலில் நிற்பவரைப் பெயர் சொல்லி அழைக்கும் நாவையும், அவருக்காகப் பிணை நிற்கும் துணிவையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.